ஜெர்மனியில் வேலை தேடுகிறீர்களா? லிங்க்ட்இன்னில் உங்களைப் பற்றி எழுதும் முறை

ஜெர்மனியில் முதுகலைப் படிப்பு முடித்தவர்களுக்கு வேலை தேட 18 மாத அனுமதி தருகிறார்கள். அதில் முதல் ஆறு மாதத்தை என் லிங்க்ட்இன் பக்கமே தின்றுவிட்டது. விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தேன், பதில் வரவில்லை. ஒருவழியாக ஷ்டுட்கார்ட் பக்கம் ஒரு நிறுவனம் நேர்காணலுக்கு அழைத்தது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மையார் என் பக்கத்தை அச்செடுத்து வைத்திருந்தார். ‘பம்பு வடிவமைப்பில் நிபுணர்’ என்று நான் பெருமையாக எழுதியிருந்த வரியில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். எந்த வகைப் பம்பு, எத்தனை ஆண்டு, எந்த மென்பொருள், இதற்குச் சான்று என்ன என்று வரிசையாகக் கேட்டார். குரலில் கோபமில்லை. தாலுகா அலுவலகத்தில் அசலையும் நகலையும் ஒப்பிட்டுப் பார்ப்பவரின் நிதானம்தான் இருந்தது. கோயம்புத்தூரில் மூன்று ஆண்டு பம்பு வரைபடம் போட்டவன் நான். அதைச் சொல்லியிருந்தாலே போதும் என்று வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

நம் ஊரில் தன்னைப் பற்றிச் சொல்வதென்றால் இன்னாருடைய மகன், இன்ன ஊர், இன்ன கல்லூரி என்று போகும். தன் வேலையைத் தானே புகழ நமக்கு நாக்கு கூசும். அந்தக் கூச்சத்தை மறைக்க இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க மாதிரியை எடுத்து ஒட்டிவிடுகிறோம்: துடிப்பானவர், பேரார்வம் கொண்டவர், முடிவுகளை நோக்கி உழைப்பவர். அமெரிக்காவில் அது விற்பனைப் பேச்சு. அங்கே படிப்பவரும் பாதியைக் கழித்துவிட்டுத்தான் படிப்பார். ஜெர்மானியர் கழிப்பதில்லை, எழுதியதை எழுதியபடியே எடுத்துக்கொண்டு சான்றிதழோடு ஒப்பிடுகிறார். உங்கள் பக்கத்தின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு தாள் இருக்கும் என்று எதிர்பார்க்கிறார். கீழே உள்ள எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருபவைதான். ஜிங் என்ற ஜெர்மன் தளத்தில் பக்கம் தொடங்கினாலும் இவையே பொருந்தும்.

1. முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள்

தலைப்பெழுத்தோடு பெயரைப் போடாதீர்கள். ‘முருகன் க’ என்று எழுதினால் ‘க’ என்பதே குடும்பப் பெயர் என்று நினைத்து ‘திரு. க’ என்று கடிதம் எழுதுவார்கள். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். அங்கே கந்தசாமி என்பது குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருந்தால் அலுவலகத்தில் எல்லோரும் உங்களை ‘ஹெர் கந்தசாமி’ (திரு. கந்தசாமி) என்றுதான் அழைப்பார்கள். அப்பாவைக் கூப்பிடுகிறார்களோ என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் போக எனக்கு ஓர் ஆண்டு ஆனது.

உண்மையான சிக்கல் ஆவணங்களில் இருக்கிறது. பட்டச் சான்றிதழில் ‘முருகன் க’, கடவுச்சீட்டில் ‘முருகன் கந்தசாமி’ என்றிருந்தால், இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். விமானம் ஏறிய பிறகு அதற்காக அலைவது பெரிய தொல்லை. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் புறப்படும் முன்பே மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்துப் பெயரைப் பிரித்துவிடுங்கள். 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் மேலும் 2,000. விசாவுக்கு விண்ணப்பித்த பிறகு இதைத் தொடவே தொடாதீர்கள். புதிய கடவுச்சீட்டில் எண்ணும் மாறிவிடும்.

இன்னொன்று. நம் பெயரைப் பார்த்து ஆணா பெண்ணா என்று அவர்களால் ஊகிக்க முடியாது. ஜெர்மன் கடிதமோ பெரும்பாலும் ‘ஹெர்’ அல்லது பெண்களுக்கான ‘ஃப்ராவ்’ இல்லாமல் தொடங்காது. என் வகுப்புத் தோழி ஒருத்திக்கு வந்த முதல் மூன்று பதில்களும் ‘ஹெர்’ என்றே தொடங்கின. தன்விவரக் குறிப்பில் பெயருக்கு முன் அதைப் போட்டுவிடுங்கள். லிங்க்ட்இன் கைபேசிச் செயலியில் பெயரை உச்சரித்துப் பதிவுசெய்ய 10 விநாடி தருகிறார்கள். பெயரில் ‘ழ’ உள்ளவர்கள் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

2. தலைப்பு வரியிலிருந்து அடைமொழிகளை வெட்டுங்கள்

பெயருக்குக் கீழே வரும் வரிக்கு 220 எழுத்து வரை இடம் உண்டு. அதை முழுவதும் நிரப்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. என் பழைய வரி: ‘துடிப்பான இயந்திரவியல் வல்லுநர், புதுமை விரும்பி, வாழ்நாள் மாணவர்’. இப்போதைய வரி: ‘வடிவமைப்புப் பொறியியல், மையவிலக்குப் பம்புகள், 3 ஆண்டு, சாலிட்வொர்க்ஸ், ஜெர்மன் பி1’. சாலிட்வொர்க்ஸ் என்பது வடிவமைப்பு மென்பொருள், பி1 என்பது மொழித் தேர்வின் ஒரு படி. கவர்ச்சி குறைவுதான். ஆனால் தேடுபவர் தட்டச்சு செய்யும் சொற்கள் அதில்தான் இருக்கின்றன. மாற்றிய இரண்டாவது வாரத்தில் அடுத்த அழைப்பு வந்தது.

‘என்னைப் பற்றி’ பகுதிக்கு 2,600 எழுத்து இடம் இருந்தாலும், திறக்கும்போது கண்ணில் படுவது முதல் சில வரிகள் மட்டுமே. சின்ன வயதில் அப்பாவின் மோட்டாரைக் கழற்றிய கதையை அங்கே வைக்காதீர்கள். என்ன வேலை செய்தீர்கள், என்ன வேலை தேடுகிறீர்கள், எந்த ஊருக்கு வரத் தயார், எந்தத் தேதியிலிருந்து என்பவை முதலில் வரட்டும்.

3. பட்டமும் பதவியும்: இங்கே சட்டம் இருக்கிறது

இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். பொறியியல் படித்தவர் பெயருக்கு முன் ‘இஆர்.’ என்று போடுவதும், எம்.பி.பி.எஸ். படித்தவர் ‘டாக்டர்’ என்று போடுவதும் நம் ஊரில் மரியாதை. ஜெர்மனியில் உரிமையில்லாத பட்டத்தைப் பெயரோடு சேர்ப்பது குற்றவியல் சட்டத்தின் 132அ பிரிவில் வருகிறது. ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். நம்மூர் ஓட்டல் அரங்குகளில் மாலையோடு கிடைக்கும் கௌரவ டாக்டர் பட்டத்தை இங்கே கொண்டுவராமல் இருப்பது நல்லது.

‘இன்ஜெனியர்’ என்ற ஜெர்மன் சொல் மாநிலச் சட்டங்களால் காக்கப்படும் தொழிற்பெயர். ஜெர்மனியில் பொறியியல் பட்டம் பெற்றவர் அதைப் பயன்படுத்தலாம். இந்தியப் பட்டத்தை மட்டும் வைத்திருப்பவர், மாநிலத்தில் அதற்கெனப் பொறுப்பிலுள்ள அமைப்பிடம் அனுமதி வாங்க வேண்டும். பல மாநிலங்களில் அது பொறியாளர் மன்றம். இந்தியப் பட்டத்தை அது வழங்கப்பட்ட வடிவத்திலேயே, வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயரோடு எழுதினால் சிக்கல் இல்லை: ‘பி.இ. (அண்ணா பல்கலைக்கழகம்)’ என்பது போல. இந்திய பிஎச்.டி.யையும் அப்படியே எழுதுங்கள், ‘டாக்டர்’ என்று மாற்றிக்கொள்ளாதீர்கள். மருத்துவர்களுக்கு இது இன்னும் கடினமாகத் தோன்றும். ஜெர்மனியில் மருத்துவராக வேலை பார்ப்பவரே ஆய்வேடு எழுதி முனைவர் பட்டம் வாங்கினால்தான் பெயருக்கு முன் ‘டாக்டர்’ போட முடியும்.

உங்கள் பட்டம் அங்கே எதற்குச் சமம் என்று பார்க்க அனாபின் என்ற அரசுத் தரவுத்தளம் இருக்கிறது. கட்டணம் இல்லை. கல்லூரியின் பெயரைத் தேடாமல் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடுங்கள். இணைப்புக் கல்லூரியில் படித்த பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அதற்கு நேரே ‘ஹெச் பிளஸ்’ என்றிருந்தால் நிறுவனம் அங்கீகரிக்கப்பட்டது. பிறகு பட்டத்தையும் தனியாகத் தேட வேண்டும். இரண்டும் கிடைத்தால் அந்தப் பக்கங்களை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லையென்றால் ட்சாப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் வெளிநாட்டுக் கல்வி மைய அலுவலகத்தில் ஒப்பீட்டுச் சான்று கேட்கலாம். கட்டணம் 208 யூரோ. ஆவணங்களும் பணமும் சேர்ந்த பிறகு மூன்று மாதம் வரை ஆகும் என்று கணக்கு வையுங்கள். பக்கத்தை மெருகேற்றிவிட்டு இதைக் கடைசியில் செய்யலாம் என்று நினைத்தேன். தலைகீழாகச் செய்திருக்க வேண்டும்.

பதவிப் பெயர்களிலும் கவனம் தேவை. நம் நிறுவனங்கள் சம்பள உயர்வுக்குப் பதிலாகப் பதவி உயர்வு கொடுப்பதில் தாராளமானவை. ‘மேலாளர்’ என்று படித்தால் உங்களுக்குக் கீழே ஆட்கள் இருந்தார்கள் என்று ஜெர்மானியர் பொருள் கொள்வார். எத்தனை பேர் என்பதே முதல் கேள்வி. ஆள் இல்லையென்றால் செய்த வேலையை எழுதுங்கள். இருந்தால் எண்ணிக்கையைக் கூச்சமில்லாமல் எழுதுங்கள். ‘எல்லாம் குழுவின் உழைப்பு’ என்று நாம் அடக்கத்தோடு சொல்வதை ‘இவர் எதுவும் செய்யவில்லை போலிருக்கிறது’ என்று படிப்பவர்களும் உண்டு. குழு செய்தது எது, நீங்கள் செய்தது எது என்று பிரித்து எழுதிவிடுங்கள்.

4. மொழி நிலை

‘சரளமாகப் பேசுவேன்’ என்று எழுதாதீர்கள். தொடக்க நிலையான ஏ1 முதல் உச்ச நிலையான சி2 வரையிலான ஆறு படிகளில் எது என்று மட்டும் எழுதுங்கள், பக்கத்தில் தேர்வின் பெயரையும் ஆண்டையும் சேருங்கள். பி1 முடித்துவிட்டு ‘சரளம்’ என்று போட்டிருந்தேன். நேர்காணலின் ஐந்தாவது நிமிடத்தில் அந்த அம்மையார் ஜெர்மனுக்கு மாறினார். ஏழாவது நிமிடத்தில் என் ஜெர்மன் தீர்ந்துவிட்டது. படித்துக்கொண்டிருந்தால் ‘பி1 முடித்தாயிற்று, பி2 நடக்கிறது’ என்று எழுதலாம், அதை மதிக்கிறார்கள். தமிழைத் தாய்மொழி என்று முதலில் போடுங்கள். ஐந்து இந்திய மொழி தெரியும் என்று நிரப்ப வேண்டியதில்லை.

5. மதிப்பெண், தேதி, எண்

ஜெர்மனியில் 1.0 தான் உயர்ந்த மதிப்பெண், 4.0 தேர்ச்சியின் எல்லை. ‘8.2’ என்று மொட்டையாக எழுதினால் குழம்புவார்கள். பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் திருத்திய பவேரிய வாய்ப்பாட்டில் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்களுடையதைக் கழியுங்கள். அதை, உச்சத்துக்கும் தேர்ச்சி எல்லைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். வருவதை மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். உச்சம் 10, தேர்ச்சி 5, உங்களுடையது 8.2 என்றால் விடை 2.08, அதாவது சுமார் 2.1. தேர்ச்சி எல்லை விதிமுறைக்கு விதிமுறை மாறும். உங்கள் மதிப்பெண் பட்டியலில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் போடுங்கள். இரண்டு எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள்.

தேதியில் மாதமும் ஆண்டும் வேண்டும். ‘2019–2022’ என்று மட்டும் எழுதினால் நடுவில் எதையோ மறைக்கிறீர்கள் என்று தோன்றும். சில மாத இடைவெளிகூடக் கேள்வியாக வரும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் ஊரில் இருந்தேன் என்றால் ‘குடும்பத்தினரைக் கவனித்தது’ என்று ஒரு வரி போதும். விளக்கமும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம்.

லட்சம், கோடி வேண்டாம். ஜெர்மன் மொழியில் எழுதும்போது புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறும் என்பதை மறக்காதீர்கள். அங்கே 1.500 என்றால் ஆயிரத்து ஐந்நூறு, 2,5 என்றால் இரண்டரை.

6. அனுபவச் சான்றிதழ்: ஊரை விட்டுக் கிளம்பும் முன்

பக்கத்தில் எழுதும் ஒவ்வொரு வேலைக்கும் ஜெர்மானியர் எதிர்பார்ப்பது ‘ஆர்பைட்ஸ்ட்சொய்க்னிஸ்’ என்ற பணிச் சான்றிதழ். இன்னின்ன வேலைகளைச் செய்தார், எவ்வளவு நன்றாகச் செய்தார் என்று ஒன்றிரண்டு பக்கத்துக்கு விரிவாக இருக்கும். நம் ஊரில் தருவது நான்கு வரி: சேர்ந்த நாள், விலகிய நாள், பதவி, எதிர்காலம் சிறக்க வாழ்த்து. அதை நீட்டினால் ‘மீதிப் பக்கம் எங்கே’ என்பது போலப் பார்ப்பார்கள்.

எனவே கடைசி வேலை நாளுக்கு ஒரு மாதம் முன்பே மேலாளரிடம் பேசுங்கள். செய்த வேலைகளை நீங்களே பட்டியலிட்டுக் கொடுத்து, நிறுவனத்தின் முகவரித் தாளில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். செலவு ஒன்றுமில்லை. வேலையை விட்டு ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அந்த மேலாளரே அங்கே இருக்க மாட்டார். எனக்கு அதுதான் நடந்தது. தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் இரண்டு மாதம் கெஞ்சி வாங்கினேன்.

வாங்கியதிலும் ஒரு கண்ணி இருந்தது. ‘கொடுத்த வேலைகளை முடிக்க எப்போதும் மனப்பூர்வமாக முயற்சி செய்தார்’ என்று என் பழைய மேலாளர் அன்போடு எழுதியிருந்தார். ஜெர்மன் சான்றிதழ்களுக்குத் தனி மொழி உண்டு. அதில் ‘முயற்சி செய்தார்’ என்றால் முயன்றும் முடியவில்லை, தேறாத கேஸ் என்று பொருள். ‘எப்போதும் எங்களுக்கு முழுமையான மனநிறைவு தரும் வகையில்’ என்பது இரண்டாம் மதிப்பெண். அதே வாக்கியத்தில் ‘எப்போதும்’ விடுபட்டால் மூன்றாம் மதிப்பெண். ‘முழுமையான’ என்பதை இலக்கணத்தை மீறி ‘மிக முழுமையான’ என்று நீட்டி, ‘எப்போதும்’ என்பதையும் சேர்த்தால்தான் முதல் மதிப்பெண். இந்த அபத்தத்தை அவர்களே கிண்டல் செய்வார்கள், ஆனால் விட மாட்டார்கள். ஆகவே உங்கள் சான்றிதழில் முயற்சி, ஆர்வம், நேர்மை போன்ற சொற்கள் மட்டும் இருந்தால் திருத்தித் தரச் சொல்லுங்கள். லிங்க்ட்இன்னில் பழைய நண்பர்கள் எழுதித் தரும் பரிந்துரைகளையும் இதே கண்ணோடு படித்துவிட்டு வெளியிடுங்கள்.

7. படம்

கல்யாண வீட்டில் எடுத்த படத்தில் பக்கத்திலிருப்பவரின் தோளோடு வெட்டி ஒட்டாதீர்கள். கறுப்புக் கண்ணாடி, பைக், கோயில் கோபுரம் பின்னணி எல்லாம் வேறு தளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தலையும் தோளும் தெரியும்படி, வெளிச்சமான பின்னணியில், கொஞ்சம் சிரித்த முகம். தன்விவரக் குறிப்பில் படம் கட்டாயமில்லை, பலர் இன்னும் வைக்கிறார்கள். விசாவுக்கு எடுத்த கடவுச்சீட்டுப் படத்தை இங்கே போடாதீர்கள், போலீஸ் நிலையத்து அறிவிப்புப் பலகை போல இருக்கும். புறப்படும் முன் ஊர் ஸ்டூடியோவிலேயே எடுத்துவிடுவது மலிவு.

8. நீக்க வேண்டியவை

தந்தையின் பெயர், அவர் தொழில், சாதி, மதம், கடவுச்சீட்டு எண், ஆதார் எண், கதவு எண் உள்ள நிரந்தர முகவரி: எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ‘மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் நான் அறிந்தவரை உண்மை’ என்று கடைசியில் உறுதிமொழி வேண்டியதில்லை. ஊர், தேதி, கையெழுத்து போதும். ‘பொழுதுபோக்கு: பாட்டுக் கேட்பது’ என்பதற்கும் பொருளில்லை. ஆனால் இரத்த தான முகாம் நடத்தியது, ஏரி தூர்வாரியது போன்றவற்றை எழுதுங்கள். தன்னார்வத் தொண்டுக்கு இங்கே நல்ல மதிப்பு.

மதம் பற்றிய பேச்சு வந்ததால் ஒன்று. குடியிருப்பைப் பதிவு செய்யும் படிவத்திலும் மதம் கேட்பார்கள். கத்தோலிக்கர் அல்லது புராட்டஸ்டன்ட் என்று எழுதினால் வருமான வரிக்கு மேல் தேவாலய வரி பிடிப்பார்கள். பவேரியாவிலும் பாடன்-வுர்ட்டம்பெர்கிலும் அது வருமான வரியில் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9. தெரிந்து எழுதுங்கள்.

9. தெரியாதவருக்கு எழுதும்போது

‘மதிப்பிற்குரிய ஐயா, தயவுகூர்ந்து என் பக்கத்தைப் பார்த்து வேலை வாங்கித் தாருங்கள்’ என்று நான் அனுப்பிய கடிதங்கள் இருபதுக்குக் குறையாது. ஒன்றுக்கும் பதில் இல்லை. நமக்கு அது பணிவு, அவர்களுக்கு அது வேறு யாருக்கோ எழுதிய சுற்றறிக்கை. குடும்பப் பெயரைச் சொல்லி விளித்து, அந்த நிறுவனத்தின் எந்த அறிவிப்பைப் பார்த்தீர்கள், உங்களுக்கு என்ன சந்தேகம் என்று மூன்று வாக்கியத்தில் முடியுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, அலுவலக நேரத்தில் அனுப்புங்கள்.

‘வேலைக்குத் தயார்’ என்ற பச்சை வளையம் எல்லோருக்கும் தெரியும் வகையிலும் வைக்கலாம், ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படியும் வைக்கலாம். பகுதி நேரமாக எங்காவது வேலை பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். அதிலும் முழு மறைவுக்கு உத்தரவாதம் இல்லை.

10. பக்கவாட்டில் தொழில் செய்பவர்களுக்கு

மாணவர் அனுமதியில் இருந்துகொண்டு ‘சுதந்திரப் பணியாளர்’ என்று பக்கத்தில் போடாதீர்கள். ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம் என்பது ஒருவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதற்கான கணக்கு. சொந்தத் தொழிலுக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தின் தனி அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்து இன்ஸ்டாகிராமில் இட்லி மாவோ பரதநாட்டிய வகுப்போ விற்றால், ‘இம்ப்ரெஸும்’ என்ற பொறுப்பாளர் குறிப்பு அந்தப் பக்கத்தில் இருந்தாக வேண்டும்: முழுப் பெயர், முகவரி, மின்னஞ்சல். இல்லையென்றால் போட்டியாளரின் வழக்கறிஞர் கட்டணச் சீட்டோடு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பலாம்.

11. வேலை கிடைத்ததும்

ஒப்பந்தத்தில் கையெழுத்தான அன்றே ‘பகிர்வதில் மகிழ்ச்சி’ என்று பதிவு போடக் கை துடிக்கும். தகுதிகாண் காலம் பெரும்பாலும் ஆறு மாதம், அதற்குள் இரு தரப்பும் இரண்டு வார அறிவிப்பில் விலகிக்கொள்ளலாம். வேலையில் சேர்ந்த பிறகு பக்கத்தில் புதிய வரியைச் சேர்த்தால் போதும். அலுவலகத்தில் எடுத்த குழுப் படத்தை, அதில் இருப்பவர்களைக் கேட்காமல் வெளியிடாதீர்கள். படத்தில் இருப்பவரின் சம்மதம் இங்கே சட்டப்படி தேவை. ஒப்பந்தத் தாள், விசாப் பக்கம், குடியிருப்பு அட்டை ஆகியவற்றின் படம் எங்குமே வேண்டாம். எனக்கு அட்டை வந்த அன்று இதையெல்லாம் அம்மாவுக்குத் தொலைபேசியில் விளக்கிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படியா, நான் காலையிலேயே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டேனே. மாமா கூடப் பூங்கொத்து அனுப்பியிருக்கிறார்” என்றார்.